‘எஸ்டிமேட்’ போட்ட கடிதம்

போன ஞாயிறு முக்கொம்பில் மரநிழலில் உட்கார்ந்திருந்தோம். “அப்பா, எஸ்டிமேட்டுக்கும் எஸ்டீமுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள் ஆறாவது படிக்கும் மகள்.

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மாவைக் கேளு” என்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எஸ்டிமேட்னா மதிப்பிடுறது. எஸ்டீம்னா மதிக்கிறது” என்றேன். அவளுக்கு அது போதும். எனக்குத்தான் மனசு எங்கோ மிதந்து போய்விட்டது...

கல்யாணத்துக்கு முன் இருவருக்கும் ஒரே ஆபீஸ். நான் டைப்பிஸ்ட், தென்னூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அவர் கிளார்க், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். உள்ளே நுழையும்போது காவிரிக் காற்றும் கூடவே வருவதுபோல் இருக்கும். பேச மட்டும் மாட்டார்.

ஒருநாள் ஃபைலுக்குள் ஒரு கடிதம். இங்கிலீஷில்! தமிழில் எழுதினால் உடனே புரிந்துவிடுமே என்று பயமோ என்னவோ. ‘ஐ எஸ்டிமேட் யூ வெரி ஹைலி’ என்றிருந்தது.

கட்டடத்துக்கு எத்தனை செங்கல் ஆகும் என்று கான்ட்ராக்டர் போடுவாரே — நான் அறிந்த எஸ்டிமேட் அதுதான். தினமும் டைப் அடிப்பவளாயிற்றே! நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

“என்னை எடை போட நீங்க யாருங்க?”

“ஐயோ, இல்லீங்க... எஸ்டீம்னு எழுத நினைச்சேன்...”

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை மேல் மேகம் நகர்வதையே பார்த்திருந்தேன். அடித்த கடிதமெல்லாம் தப்பு. வேலையையே விட்டுவிட்டாரோ?

நான்காம் நாள் வந்தார். ‘ஐ அப்ரிஷியேட் யுவர் லெட்டர்’ என்று அடித்து, அவர் ஃபைலுக்குள் வைத்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார். கையில் நான் அடித்த அந்தத் தாள்.

“டிக்‌ஷனரி பார்த்தேங்க. பாராட்டுறதுன்னும் போட்டிருக்கு, விலை ஏறுறதுன்னும் போட்டிருக்கு. இதுல சம்மதம் எதுங்க?”

“அண்ணன்கிட்ட வந்து பேசுங்க” என்றேன், நல்ல தமிழில்.

அந்த வாரமே வந்தார். தையில் கல்யாணம்.

மதிப்பிடுவதையும் மதிப்பதையும் அகராதி தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. மனசு அப்படிப் பிரிக்கிறதா என்ன? முதலாவதில் ஆரம்பித்து, எப்போது இரண்டாவதுக்கு வந்தோம் என்றே தெரியாமல் வந்து நிற்கிறோம்.

அவருக்கு இன்றுவரை தெரியாது — அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே நான் அவரை எஸ்டிமேட் போட்டு முடித்துவிட்டேன்!