எங்கள் ஹாலில் நாலு புள்ளிகள்

கட்டடக்கலைக் கல்லூரியில் என் தங்கைக்கு வைத்திருக்கும் பெயர் டப்பா. பெயிண்ட் டப்பா என்பதன் சுருக்கம். அவளைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். என் வாய் விட்டால்தானே!

முதல் வருடம் ஒரு மழலையர் பள்ளி வரைந்தாள். காரிடார் முழுக்க ஆரஞ்சு. குனிந்து பார்த்த ஆசிரியர் கண் கூசி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அடுத்த வருடம் ஒரு நூலகத்துக்கு அனிமேஷன் செய்தாள். அதில் கேமரா படியேறிப் போய், சுவரைப் பொத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்தது. "வாசல் வைக்க மறந்துட்டேன் சார்" என்றாளாம், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

இந்த முறை கொடுத்த தலைப்பு: நிறம், இடம், அசைவு. தெரிந்த ஒரு வீட்டில் மனிதர்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்பதை நிறங்களால் அனிமேஷனாகக் காட்ட வேண்டும். அவளுக்குத் தெரிந்த வீடு எங்கள் வீடுதான். வந்தது வினை.

ஹாலின் கூரையில் ஒரு பழைய போனை டேப் போட்டு ஒட்டினாள். நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். மேலிருந்து பார்த்தால் தலை மட்டும்தானே தெரியும்? அதனால் ஆளுக்கொரு தொப்பி. அம்மாவுக்கு மஞ்சள், எனக்குப் பச்சை, அவளுக்கு நீலம், அப்பாவுக்குச் சிவப்பு.

"வீட்டுக்குள்ள என்னடி தொப்பி? நான் என்ன கோமாளியா?" என்று அப்பா குதித்தார்.

"உங்க வழுக்கையும் டைல்ஸும் ஒரே பளபளப்புப்பா. கம்ப்யூட்டர் குழம்பிடும்."

மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். அவள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அவ்வளவு செல்லம்.

என்னோடு மட்டும் பேசுவதில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் சைக்கிள் ரிப்பேர் கடை திறந்ததிலிருந்து இந்தக் கூத்து. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்க கிரீஸில் கிடந்த மனிதர், மகளாவது ஏசி அறையில் உட்காரட்டும் என்று நினைத்தார். நான் திரும்ப கிரீஸுக்கே போய்விட்டேன். கோபம் நியாயம்தான். அதற்காக மாதக்கணக்கிலா? "அவகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துடுச்சுன்னு" என்று என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொல்வார். "அவர்கிட்ட சொல்லும்மா, எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு" என்று நானும் விடமாட்டேன். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு நான் வீட்டுக்குள் காலை வைப்பேன், அவர் அறைக்கதவு படாரென்று சாத்தப்படும். அப்போது பற்றிக்கொண்டு வரும் பாருங்கள்! என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குடிபோவதாக முடிவு. அம்மா அழுதாள். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம்மா மூலமாகக்கூட.

வெள்ளிக்கிழமை ஜூரி. அதாவது, மாணவர்கள் தூக்கம் கெட்டுச் செய்ததையெல்லாம் ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து கிழிகிழியென்று கிழிக்கும் நாள். வீட்டின் அட்டை மாடலைத் தூக்கிவர ஆள் இல்லை என்று டப்பா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மாடலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

திரையில் எங்கள் ஹால், மேலிருந்து. நாலு புள்ளிகள் அலைந்தன. போன இடமெல்லாம் நிறத்தை இழுத்துக்கொண்டே போயின. மஞ்சள் சமையலறைக்கும் பால்கனிக்கும் ஓடி ஓடி ஒரு ரோடே போட்டிருந்தது. நீலம் ஃப்ரிட்ஜ் முன்னால் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டப்பாவும் பல்லைக் காட்டினாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் ஓர் ஆசிரியர். "இந்தச் சிவப்பு ஜன்னல்கிட்டயே நிக்குதே, ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல சார். அது அங்கதான் நிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"பச்சை வர்ற வரைக்கும்."

படத்தை மேலே ஓடவிட்டாள். சாயங்காலமானதும் சிவப்பு ஜன்னலுக்குப் போனது. மற்ற நிறங்கள் சுற்றிச் சுற்றி வந்தன, அது மட்டும் அசையவில்லை. நின்ற இடத்தில் நிறம் கெட்டியாகிக்கொண்டே போனது. பச்சை வாசலில் தலைகாட்டுவதற்குள் விழுந்தடித்துக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டது. மறுநாளும் அதேதான். மழையில் மாட்டிக்கொண்டு நான் தாமதமாக வந்த அன்று, ஜன்னலடியில் தரை கருஞ்சிவப்பாக இருந்தது.

"யாரும்மா அது?"

"எங்கப்பா சார்."

"பச்சை?"

டப்பா கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. படுபாவி, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே! மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே ஓடினேன்.

காரிடாரில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். பேசவில்லை.

"அப்பா, இன்னிக்குக் கடையில வேலை ஜாஸ்தி. வர லேட்டாகும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஜன்னல்கிட்ட நின்னுட்டே இருக்காதீங்க. கால் என்னத்துக்கு ஆகும்? ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க."

தொண்டையைச் செருமினார்.

"உக்காந்தா தெரு தெரிய மாட்டேங்குதும்மா," என்றார்.