கிரிகரி அங்கிள் வெட்டிய வால்

கிளாங்கில் எங்கள் சர்ச் வாட்ஸ்அப் குழுவுக்குக் கிரிகரி அங்கிள்தான் அட்மின். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. குழுவை ஆரம்பித்தவர் செமினிக்கு வீடு மாறிப் போகும்போது யார் தலையிலாவது அதைக் கட்டிவிட்டுப் போக நினைத்தார். அன்று பார்த்து அங்கிள் பக்கத்தில் நின்றிருந்தார், அவ்வளவுதான். அதற்கு முன்பு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஆட்களை விரட்டிய மனிதர். வேலையும் முடிந்து, மனைவி சாந்தமேரியும் இறந்து, மகள் குளோரியாவும் கல்யாணமாகி ரவாங் போய்விட்ட பிறகு, அதிகாரம் செய்ய அவருக்கு மிச்சமிருந்தது நாங்கள்தான்.

அந்த அதிகாரம் முழுவதையும் அவர் வால் வெட்டுவதில் காட்டினார். யாராவது போனில் எதையாவது தேடி, அந்தப் பக்கத்தின் லிங்கை அப்படியே குழுவில் போட்டால், திரை நிறைய எழுத்தும் எண்ணுமாக வந்து விழும். அங்கிளுக்கு அது பொறுக்காது. உடனே அதை அழித்துவிட்டு, தானே சுருக்கிய லிங்கைப் போடுவார். கீழே ‘வாலை வெட்டி அனுப்பவும்’ என்று ஒரு வரி சேர்ப்பார்.

இந்த வித்தை அவருக்குச் சும்மா வரவில்லை. ஆரம்பத்தில் கேள்விக்குறியோடு வெட்டிப் பார்த்தார். தட்டினால் ஒன்றுமே தேடாத வெற்றுப் பக்கம் வந்து நின்றது. “அங்கிள், இதுல நாங்க என்னா தேடணும்?” என்று குழுவே கேட்டது. மானம் போன வேகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக அழித்து அழித்துத் தட்டிப் பார்த்தார். கேள்விக்குறிக்குப் பின்னால் q= என்று வருவதில்தான் நாம் தேடிய சொற்கள் இருக்கின்றன. அதற்கப்புறம் ஒவ்வொரு & குறிக்கும் ஒரு ஓசிப் பயணி ஏறிக்கொள்கிறான். எந்த போன், எந்த மொழி, எந்தப் பொத்தானைத் தட்டி வந்தோம் என்பதெல்லாம் கம்பெனிக்காரனுக்கு வேண்டியது. முதல் & குறியோடு வெட்டிவிட்டாலும் லிங்க் நன்றாகவே திறக்கும். அதுவே அங்கிளின் சட்டமானது.

அந்த வாலில் சில சமயம் நாம் முன்பு தேடியதும் ஒட்டிக்கொண்டு வரும். அது எனக்குத் தெரியாமல், ஒரு தடவை தவக்காலத் தியானத்துக்கான லிங்கை அனுப்பித் தொலைத்தேன். பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அங்கிள் என் மூக்குக்குக் கீழே பார்த்தார். “தம்பி, மீசைக்கு அடிக்கிற டை நல்லதா பாத்து வாங்குங்க, தோல் அரிச்சிடும்,” என்றார். அன்றிலிருந்து அந்த மனிதர் மாட்டும் நாளுக்காக நான் காத்திருந்தேன். பக்கத்து வீடு வேறு, காத்திருப்பதற்கு வசதியாக இருந்தது.

மாட்டுவதற்கான காரணம் பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. சாந்தமேரி ஆன்டியின் படத்துக்கு வாராவாரம் மாலை வாங்க அங்கிள் கொமுட்டர் ரயில் ஏறி அங்கே போவார். கிளாங் லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்குப் பஞ்சமா என்று கேட்டால், அங்கே பூ வாடுவதில்லை என்பார். வாடாத பூவை விற்றவர் வள்ளியம்மா. கணவரை இழந்தவர், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். செத்துப்போன மனைவிக்கு மாலை வாங்கப் போய் உயிரோடிருக்கிற பூக்காரம்மாவிடம் மனதைக் கொடுத்த ஆள் எங்கள் சர்ச்சில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அந்த அம்மாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“உங்க மவகிட்ட நீங்களே சொல்லிடணும். வேற யாரு மூலியமாவது அந்தப் பொண்ணு காதுக்குப் போச்சுன்னா, இந்தக் கடைப் பக்கம் வராதீங்க.”

அங்கிளும் அதற்கென்றே ரவாங்குக்குப் போய்ப் போய் வந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஏர்கோன் சர்வீஸ் பண்ணியாச்சா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார். பெயிண்ட் தொழிற்சாலையை நடுங்க வைத்த மனிதர் இவர்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

சர்ச் திருவிழாவுக்கு முந்தின வாரம் பார்க்கிங் எங்கே என்று குழுவில் யாரோ கேட்டார்கள். அப்போது அங்கிள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் பழைய டேப்லட்டில் வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதே கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டுப் பார்க்கிங்கைத் தேடினார். லிங்கை எடுத்தார், முதல் & குறியோடு வெட்டினார், அனுப்பினார். அந்தக் கிழட்டு டேப்லட்டில் ஒரு கோளாறு உண்டு. முதலில் தேடியதை அது முன்னாலேயே q= பக்கத்தில் வைத்துக்கொள்ளும். மாற்றித் தேடியதைக் கடைசியில் ஒரு # போட்டு ஒட்டும். அங்கிள் வெட்டி எறிந்தது பார்க்கிங்கை.

‘திருவிழா பார்க்கிங் விவரம், வால் வெட்டப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் கூட்டல் குறி போட்டுக் கோத்த சொற்கள் நின்றன. அறுபது வயதில் மறுமணம், கத்தோலிக்க ஆண், இந்துப் பெண், பதிவு செய்வது எப்படி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மீசைக்கு வட்டியும் முதலும் வந்துவிட்டது என்று எழுந்து வெளியே போனேன். அங்கே அங்கிளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

அதற்குள் குழுவே அவருக்காக ஒரு பொய்யைத் தயாரித்துவிட்டது. ‘அங்கிள், ஹேக் ஆயிடுச்சு போல.’ ‘பாஸ்வேர்ட் மாத்துங்க லா.’

“ஆமா ஹேக்குன்னு போட்டுட்டு அழிச்சிடுங்க அங்கிள்,” என்று நானும் சொன்னேன். அவர் விரலைக் கொண்டுபோகும்போது குளோரியா போனில் கூப்பிட்டாள். அங்கிள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“அப்பா, குருப்ல பாத்தேன். ஹேக்தானே?”

அங்கிள் டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“ஹேக்குன்னு சொல்லுங்கப்பா. நான் நம்பிக்கிறேன்.”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருவிழாவும் நடக்கும், மகளும் சமாதானமாவாள். நானே தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினேன்.

“ஹேக் இல்லம்மா,” என்றார் அங்கிள். “நான்தான் தேடுனேன். அவங்க பேரு வள்ளியம்மா. அம்மா படத்துக்கு மாலை வாங்குவேன்ல, அந்தக் கடை. உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்து வந்து போனேன்.”

“அதுக்குத்தான் ஏர்கோன் ஏர்கோன்னு பேசுனீங்களா?”

“ம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் நகர முடியவில்லை.

“அம்மா படம் ஹால்லயே இருக்குமாப்பா?”

“இருக்கும். அத எடுத்தா நான் உள்ள வரமாட்டேன்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

அங்கிள் வாசலிலிருந்தே ஹாலில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

“கோவமாத்தான் இருக்கு,” என்றாள் குளோரியா. “அடுத்த தடவ வரப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நேர்ல பாத்துக்கிறேன்.”

போனை வைத்ததும் அங்கிள் குழுவில் எழுதினார். ‘மேலே உள்ளது ஹேக் இல்லை. நான் தேடியதுதான். பார்க்கிங் லிங்க் இதோ.’ பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, சாட்சிக்கு என்று என்னையும் கொமுட்டரில் ஏற்றினார்.

வள்ளியம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“அப்ப நீங்க சொல்லல. போன்தான் முந்திக்கிச்சு.”

“முந்திக்கிச்சு. அது பொய்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு என் மவளே கேட்டா. நான் சொல்லல.”

வள்ளியம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

“அந்தக் குருப்ல எத்தன பேரு இருக்காங்க?”

“முந்நூறு பேருக்கு மேல,” என்றார் அங்கிள்.

“நான் ஒருத்திகிட்ட சொல்லச் சொன்னேன்,” என்றார் வள்ளியம்மா.

நூலைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கிளை உட்காரச் சொன்னார். பூ வாங்க நின்றவர்கள் காத்திருந்தார்கள்.