ஈரப் புடவையோடு ஒரு தீவுப் போட்டி

நாலு பேர் எதிரில் வாய் திறக்காத என்னை, மில்லில் கூட வேலை பார்த்த ஸ்டெல்லாவும் மும்தாஜும் ஸ்ரீரங்கத்துக்குப் போட்டிக்கு இழுத்துப் போனார்கள். காவிரியை நீந்திக் கடந்து, முக்கொம்புவரை சைக்கிள் மிதித்து, அங்கிருந்து ஓடித் திரும்பணும்.

கரையேறியதும் போட்டி நடத்தியவர் தடுத்தார். "ஈரப் புடவையோட சைக்கிள் வேணாம்மா. மாத்திட்டு வாங்க."

ஆண்கள் கரையிலேயே மாற்றினார்கள். எங்களுக்கு ஒரு மறைப்பும் இல்லை. "எங்க போய் மாத்துறது?" என்றாள் ஸ்டெல்லா. அவர் வானத்தைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "மிதிக்க மிதிக்கக் காஞ்சிடும்ங்க" என்று கொசுவத்தைத் தூக்கிச் செருகி ஏறிவிட்டேன். ஸ்டெல்லாவும் மும்தாஜும் பின்னாலேயே வந்தார்கள்.

கடைசியாகத்தான் ஓடி வந்தோம். புடவை மொடமொடவென்று காய்ந்திருந்தது. போட்டி நடத்தியவர் எல்லைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கட்டுங்க. நாங்க இன்னும் தாண்டல."

கட்டினார். தாண்டினோம்.

இன்றும் நான் கூச்சக்காரிதான். ஓரமாப் போ என்றால் மட்டும் காது கேட்காது.