கரடிக் காட்டுக்குத் தெற்கு

"வடக்க காட்டு. வடக்க யாரு இருக்கா?"

காசிராஜன் அண்ணாச்சி கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்கிறார். அந்தப் பக்கம், ஜப்பானில் அகிதா என்ற மாகாணத்து மலையடிவாரத்தில், அவருடைய மகள் அனுராதா ஒரு பழைய மரவீட்டு முற்றத்தில் நின்றபடி காமிராவைத் திருப்புகிறாள். செர்ரி மரம் பூத்துக் கிடக்கிறது. ஓடை ஓடுகிறது. தூரத்து மலையில் இன்னும் பனி கரையவில்லை. வேறு யாராக இருந்தாலும் இரண்டு வார்த்தை வியந்திருப்பார்கள். அண்ணாச்சிக்கு வேண்டியது நான்கு மால், அதாவது நான்கு பக்கமும் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம். நடுவில் நிற்கிற கட்டடம் அவருக்கு இரண்டாம் பட்சம். வடக்கே வெறும் காடு, அதில் கரடி உண்டாம் என்கிறாள் மகள்.

"கரடி கேஸ் போடாது. தெக்க திரும்பு."

சங்கரன்கோவில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவில், எட்டடிக்குப் பத்தடி அறையில், ஒரு கால் குட்டையாகி ஆடுகிற மேசையை வைத்துக்கொண்டு முப்பத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர் அண்ணாச்சி. இப்போது கணினியில் அடிப்பதெல்லாம் ஷாஹின் பானு என்ற பெண்தான். அவர் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காடு எத்தனை கை மாறினாலும், அதன் பழைய சொந்தக்காரர், அவருடைய பங்காளி, பங்காளியின் கடைசி மாப்பிள்ளை வரை அவருக்கு மனப்பாடம். சொந்தக் கல்யாண நாள் மட்டும் மறந்துபோகும். பத்திர மொழி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். மனைவி ஆனந்தவல்லி வைத்த புளிக்குழம்பு நன்றாக இருந்தால், "மேற்படிக் குழம்பில் யாதொரு வில்லங்கமும் இல்லை" என்பார். அந்த அம்மாள் இத்தனை வருஷத்தில் வாங்கிய உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "பொம்பளப் பிள்ளை எத்தனை?" பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் சொல்லிவிட்டது. சட்டத்தின் மேல் அண்ணாச்சிக்கு ரொம்ப மரியாதை. அதனால் அந்தப் பங்கைச் சட்டப்படியே அண்ணன் தம்பிகளுக்கு எழுதி வாங்கிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பனவடலிசத்திரத்திலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிற தங்கச்சிக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைக்கும், பக்கத்துக் கடையிலிருந்து சர்பத் வரும். "கூடப் பொறந்தவன் மனசு குளிரணும்லா தாயி. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அவந்தான வரணும்" என்பார். குரல் அப்படியே குழையும். சர்பத்தில் ஐஸ் கரைவதற்குள் கையெழுத்து விழுந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் மகளுடைய வீட்டு விஷயத்தில் இவ்வளவு ஆர்வம் காட்டுவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. அனுராதா ஏழு வருஷமாக அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவள் பக்கம் சிக்னல் போய்விடும். இங்கே சங்கரன்கோவிலில் உள்ள வீடு அண்ணாச்சியின் தாத்தா கட்டியது, பூர்வீகம். அதை மகன் சங்கரகணேஷ் பெயருக்கு மாற்ற அனுராதாவின் கையெழுத்து வேண்டும். ஏழு வருஷமாக அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பெற்ற மகளிடம் தொழில் குரலை எடுப்பதற்குக் கூச்சமாக இருந்தது. அவள் ஜப்பானிலேயே ஒரு வீடு வாங்கப் போகிறாள் என்றதும் கூச்சம் விலகிவிட்டது. அன்று சாயங்காலமே அவள் பெயரில் ஒரு விடுதலைப் பத்திரத்தை டைப் செய்யச் சொல்லி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அடுத்த லீவுக்கு வரும்போது கையெழுத்து வாங்கிவிட வேண்டியதுதான்.

அதற்காக ஜப்பான் வீட்டைச் சும்மா விட்டுவிடுவாரா? வெளிநாட்டுக்காரி வந்து கிராமத்தில் வீடு வாங்க அந்த நாட்டில் தடையில்லை என்று கேட்டதும் அவருக்குச் சந்தேகம்தான் வந்தது. மேலநீலிதநல்லூரில் அசலூர்க்காரன் ஒரு சென்ட் வாங்கினாலே ஊர் கூடி விசாரிக்கும். ஆளில்லாத வீடுகளுக்கு ஊராட்சியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது, குடியிருக்க யாராவது வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள் என்று மகள் விளக்கினாள். "சல்லிசா வருதுன்னா பாதை இருக்காது ஏட்டி. நல்லா விசாரி" என்றார். மூலப்பத்திரம் கேட்டார். முப்பது வருஷ வில்லங்கம் கேட்டார். கிணற்றில் வேறு யாருக்காவது பாத்தியம் உண்டா என்று கேட்டார். வீடு காட்டிய முகவர் ஒல்லியான, பணிவான மனிதர். மகள் மொழிபெயர்த்த ஒவ்வொரு கேள்விக்கும் குனிந்து வணங்கினார். அதை அண்ணாச்சி குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். அங்கே கையெழுத்துக்குப் பதில் பதிவு செய்த முத்திரைதான் செல்லும் என்று தெரிந்தபோது மனிதர் ஆடிப்போனார். கைரேகை வாங்காமல் ஒரு தேசம் இவ்வளவு காலம் எப்படிப் பிழைத்தது என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

ஜப்பான் எழுத்து படிக்க வராததால், தன் திருப்திக்கு அந்த வீட்டுக்குத் தமிழில் ஒரு சொத்து விவரம் தயாரித்தார். கரடிக் காட்டுக்குத் தெற்கு, ஓடைக்கு வடக்கு, மாஜி தபால்காரர் வீட்டுக்கு மேற்கு, சிறிய புத்தர் கோவிலுக்குக் கிழக்கு, இதற்குள்பட்ட மனையும் மரவீடும் செர்ரி உள்ளிட்ட மாவடை மரவடையும். ஷாஹின் பானு சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தாள்.

அட்வான்ஸ் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் அண்ணாச்சிக்குத் தன் வழக்கமான கேள்வி நினைவுக்கு வந்தது. வீடு இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தது. விற்கிறவர் அவருடைய மகன். அந்தப் பெரியவருக்குப் பொம்பளப் பிள்ளை எத்தனை? முகவர் முதல்முறையாக வணங்காமல் நின்றார். ஒரு மகள் உண்டு, ஒசாகாவில் இருக்கிறாள், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை, அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அந்தப் பிள்ளை சம்மதம் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காத மக்கா. அவ பங்குல நீ குடியிருக்கக் கூடாது. பாவம்லா."

சர்பத் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். சொன்னதில் ஒரு எழுத்துகூட நடிப்பில்லை. முகம் தெரியாத அந்த ஒசாகாக்காரிக்காக அண்ணாச்சி உண்மையிலேயே மனம் நொந்தார். கடல் தாண்டி இருக்கிற பெண்ணுக்காக நோவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அனுராதா அட்வான்ஸைத் தள்ளிவைத்தாள். ஒரு மாதம் கழித்து அந்தத் தங்கை ரயிலேறி வந்து, விலையில் பாதியைக் கொடுத்தால் முத்திரை வைப்பேன், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டாள். அண்ணன்காரர் சம்மதித்தார். வீடு அனுராதா பெயருக்கு வந்தது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஜப்பான்காரனுக்கே வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவன் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். தங்கை பாதியை வாங்கிக்கொண்டு போனதை மட்டும் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்கள் வீட்டுப் பெண்கள் காதில் விழுந்தால் தொழில் என்னாவது?

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அனுராதா ஊருக்கு வந்தாள். தபசு முடிந்த மூன்றாம் நாள் காலை அவளைத் தன் பத்திர அறைக்கு அழைத்துப்போனார். சாட்சிக்கு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். இழுப்பறையிலிருந்து அந்த விடுதலைப் பத்திரத்தை எடுத்து மகள் முன்னால் வைத்தபோது, ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு வரவில்லை. "ஒனக்குத்தான் அங்கன வீடு ஆயிட்டுல்லா" என்று மட்டும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

"படிச்சுக் காட்டுங்கப்பா. எழுதிக் குடுக்கவளுக்குப் படிச்சுக் காட்டணும்னு நீங்கதான சொல்லுவிய."

ஆரம்பித்தார். தினமும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற வாசகம். பெயர், வயது, தகப்பனார் பெயர் வரை தடையில்லாமல் வந்தது. அன்பினாலும் அபிமானத்தினாலும் இஷ்டப்பூர்வமாய் என்ற இடத்தில் வாசகம் அறுந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை முதலிலிருந்து படித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

"அந்த ஒசாகாக்காரி முத்திரை வச்சிட்டுப் போவும்போது எங்கிட்ட கேட்டா, எனக்காகப் பேசினது ஒங்க அப்பாவான்னு. ஆமான்னேன்" என்றாள் அனுராதா. பிறகு கையை நீட்டினாள். "பேனா குடுங்க. போடுதேன்."

அண்ணாச்சி பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சாட்சிகளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். முத்திரைத்தாளின் ஓரம் மடங்கினாலே ஷாஹின் பானுவை ஒரு பாட்டம் திட்டித் தீர்க்கிற மனிதர், அந்தப் பத்திரத்தை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தார். குனிந்து, குட்டையாயிருந்த மேசைக்காலுக்கு அடியில் அதைச் செருகினார். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் மேசையை ஆட்டிப் பார்த்தார்.