பச்சைமலையும் பதினாறு படி விதை வரகும்

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்க்க வேண்டும், பச்சைமலையில் ஏற வேண்டும், ஆனால் கையில் பத்து ரூபாய்க்கு மேல் இல்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து ரூபாய் போதும். எனக்கு ஒன்பது ரூபாய் பதினோரணாதான் ஆயிற்று. ஆனால் நான் போய் வந்த வழியில், மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் அந்த வருஷம் விதைக்க வைத்திருந்த வரகு முழுவதும் கெட்டுப்போயிற்று. காரணம் நான். ஆடியில் அவர்கள் விதைத்தார்களா இல்லையா என்பதையும் எழுதாமல், கோபுரம் எத்தனை அடி உயரம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்போது எழுதியிருந்தால் என்னை உள்ளே தள்ளியிருப்பார்கள். இப்போது யுத்த காலத் தானியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், தைரியம் வந்திருக்கிறது.

நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சொந்த ஊர் உடையார்பாளையம் தாலுகா வரதராஜன்பேட்டை. யுத்தம் முடிவதற்கு முந்தைய வைகாசியில், எங்கள் கணக்கு வாத்தியார் விடுமுறைக்கு ஊட்டி போகிறேன், ஊட்டி போகிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. ரோஷம் வந்தது. மலையும் காடும் இடிந்த அரண்மனையும் நம் ஜில்லாவிலேயே இருக்கும்போது எதற்கய்யா ஊட்டி என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த என் சித்தப்பா மகன் ஒரு முதுகுப்பையும், காக்கிச் சட்டையும், அரைக்கால் டிராயரும், ஒரு தொப்பியும் கொடுத்திருந்தான். துணிக்கு அலைந்த காலம். கிழியாத துணி கிடைத்ததே பெரிது என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன். என் மனைவி லூர்துமேரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படம் வரையப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?" என்றாள். பையில் ஒரு மாற்று வேட்டி, நோட்டு, பென்சில், நூறடி டேப். எதைக் கண்டாலும் அளந்து எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அது என் வியாதி. அந்த வியாதிதான் பிறகு ஆளைக் கவிழ்த்தது.

திருச்சியிலிருந்து அரியலூருக்குக் காலை ஆறரை மணி ரயில், மூன்றாம் வகுப்பு, பதினாலணா. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குக் கரி பஸ், இருபத்து மூன்று மைல், முக்கால் ரூபாய். பெட்ரோல் இல்லாத நாளில் பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு கட்டிக் கரியைப் போட்டு ஓட்டினார்கள். உடையார்பாளையம் ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். டிக்கெட் வாங்கியும் தள்ள வேண்டுமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். "டிக்கெட் வாங்காதவங்களையும் தள்ளத்தாங்க சொல்லுறோம்" என்றார். ஜெயங்கொண்டத்திலிருந்து சோழபுரம் ஆறு மைல், நடந்தேன்.

கோயிலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதிர்ச்சி கோயிலில் இல்லை, மாளிகைமேட்டில். கோயிலுக்குத் தென்மேற்கே ஒன்றரை மைலில், அரண்மனை இருந்த இடம். கடல் தாண்டிப் படை அனுப்பியவன் வாழ்ந்த வீட்டுக்கு ஒரு சுவராவது இருக்காதா? ஒன்றுமில்லை. முள்ளும் மண்மேடும் உடைந்த செங்கல்லும்தான். பக்கத்தில் ஒருவர் மாடு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கொட்டகைச் சுவரில் பட்டையான பழைய செங்கற்கள் வரிசையாக இருந்தன. "இது சோழன் கல்லா?" என்றேன். "மாடு கேக்கலீங்களே" என்றார். கோயில் மதிலின் கருங்கல் எல்லாம் எப்போதோ கீழணை கட்டப் போய்விட்டதாம். வெயிலில் அந்த மேட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கொட்டகைச் சுவரை அளந்தேன்.

அன்று எங்கள் ஊரில் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் அரியலூர் வந்து, ஒரு கட்டை வண்டி பேசிச் சாத்தனூருக்குப் போனேன். வண்டிக்கு ஒன்றரை ரூபாய் கேட்டார், ஒன்றேகாலுக்கு வந்தார். அங்கே ஓடையில் ஒரு மரம் படுத்திருக்கிறது. பட்டை தெரிகிறது, கணு தெரிகிறது. தட்டினால் கல். சுற்றிலும் மண்ணில் கல்லான சிப்பிகள். கடல் இருக்கும் இடத்துக்கு அறுபது மைலுக்குக் குறையாமல் போக வேண்டிய கட்டாந்தரையில் சிப்பி! முடிந்த மட்டும் டேப்பைப் பிடித்தேன், அறுபதடி வந்தது. "கடலு இங்கதான் இருந்துச்சாம். எப்பப் போச்சுன்னு யாருக்கும் தெரியல" என்றார் வண்டிக்காரர், நேற்று வரை இருந்த கடல் மாதிரி. பெரம்பலூர் போய்ச் சேரும் வரை அந்த மரம் என் தலைக்குள்ளேயே கிடந்தது.

பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் பதினைந்து மைல், வண்டியில் எட்டணா. அங்கிருந்து மேற்கே மூன்று மைல் நடந்தால் மலை தொடங்கும் இடத்தில் ஒரு சிற்றூர். பெயரை எழுதவில்லை, அவர்களை இன்னும் யாராவது தொந்தரவு செய்ய வேண்டாம். தண்ணீர் கேட்கலாம் என்று முதல் வீட்டில் நின்றேன். வாசலில் ஒரு குதிர். மண்ணால் ஆள் உயரத்துக்கு வனைந்து, கழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் கோலம் போட்ட தானியக் குதிர். அப்படி ஒரு வடிவத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீரை மறந்தேன். டேப்பை எடுத்தேன்.

வீட்டுக்காரி அஞ்சலை, முப்பது வயதிருக்கும், செம்போடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"இது எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"வெறுங்குதிருங்க சாமி."

"பரவாயில்லை, நிறைந்தால் எவ்வளவு?"

"அதுல ஒண்ணுமில்லீங்க."

உயரம் ஐந்தடி இரண்டங்குலம், வயிற்றுச் சுற்று ஒன்பதடி என்று எழுதினேன். அடியில் தட்டிப் பார்த்தேன், நிறைந்த பானை மாதிரி டொப்பென்று கேட்டது. நான் வரையும் படத்துக்குக் கீழே, கோலம் போட்டவள் பெயரைப் போடுவதுதானே முறை? "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டு, அதையும் எழுதினேன். "மேலே போய்விட்டு மூன்று நாளில் வருகிறேன், மிச்சத்தை அப்போது அளந்துகொள்கிறேன்" என்றேன். செம்பைக் கொடுக்காமலேயே அவள் உள்ளே போய்விட்டாள். வெயிலில் களைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மலை ஏறப் பாதை ஏழு மைல். மறுநாள் காலை ஐந்துக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு மேலே போனேன். மூங்கிலும் கடுக்காயும் பலாவும் அடர்ந்த காடு. கீழே வைகாசி கொளுத்த, மேலே உடம்பு சிலிர்த்தது. மலையாளிகள் என்ற அந்த மலைவாசிகள் பலாச்சுளையும் சாமைச் சோறும் கொடுத்தார்கள், காசு கொடுத்தால் சிரித்தார்கள். அன்று பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து ஒரு மழை பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு மழை என் ஆயுளில் இல்லை. தொப்பியைக் கழற்றிக் குடிசைக்குள் வீசிவிட்டு வெளியே நின்று கத்தினேன். ஓடைகள் வெள்ளமாகி இறங்கிப் போவதை நாலு பக்கம் வரைந்தேன். பாதை அறுந்துபோனதால் நாலு நாள் மேலேயே இருக்க வேண்டியதாயிற்று. கணக்கு வாத்தியாரின் ஊட்டியில் இது கிடைக்குமா என்று ஒரே குஷி.

ஐந்தாம் நாள் இறங்கினேன். ஊரில் கதவுகள் சாத்தியிருந்தன. ஓடைப் பாறையில் அஞ்சலையும் அவள் புருஷன் மருதையும் எதையோ பரப்பிக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போனேன். வரகு. ஒவ்வொரு மணியிலும் நூல் மாதிரி வெள்ளையாக முளை வந்திருந்தது. பாறை முழுவதும் முளைத்துக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் மருதை துண்டை இடுப்பில் கட்டினார். அஞ்சலை எழுந்திருக்கவில்லை.

"எழுதிக்கிட்டுப் போங்க சாமி. இனிமே மறைக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல" என்றாள்.

"என்ன எழுத?" என்றேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

மருதைதான் சொன்னார். தானியம் அளக்கிற அதிகாரி வருவார், விதையைக்கூட விடமாட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததாம். நான் காக்கியில் வந்தேன், குதிருக்கு அளவெடுத்தேன், பெயர் எழுதினேன், திரும்பி வருகிறேன் என்றும் சொன்னேன். அன்றைக்கே குதிரில் இருந்த பதினாறு படி விதையை இரண்டு பானையில் கொட்டி, ஓடைக்கரைப் பாறைப் பொந்தில் வைத்து மூடியிருக்கிறார்கள். மறுநாள் மேலே மழை. நான் நின்று கத்திய அதே மழை, ஓடையில் இறங்கிப் பானைகளை மூழ்கடித்திருக்கிறது. தண்ணீர் வடிந்து எடுக்கும்போது எல்லாம் ஊறிவிட்டது.

"மூணு காணிக்கு வெச்சிருந்தங்க. ஆடியில மொளைக்க வேண்டியது வைகாசியில மொளச்சிருச்சு" என்றார். இப்போதே விதைத்தால்? "உழவுகூட ஓட்டலீங்க. அடுத்த மழைக்குள்ள கருகிரும்."

பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நோட்டை எடுத்து நீட்டினேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் தெரியுமே. அஞ்சலை தன் குதிரின் படத்தைப் பார்த்தாள், கோலத்தில் ஒரு புள்ளிகூட விடாமல் நான் வரைந்திருந்ததைப் பார்த்தாள்.

"இதுக்காங்க அளந்தீங்க?" என்றாள். அவள் முகத்தில் இருந்த அதிர்ச்சி என்னுடையதைவிடப் பெரியது. ஒரு ஆண்பிள்ளை வேலை மெனக்கெட்டு இதற்காகவா ஊர் ஊராய்ச் சுற்றுகிறான் என்று.

ஆடிக்கு முன்னால் விதை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் நம்பவில்லை, நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஊரில் அண்ணனிடம் நல்ல வரகு இருந்தது. ஆனால் தாலுகா விட்டுத் தாலுகா தானியம் போகப் பர்மிட் வேண்டும், வழியில் சோதனை. பர்மிட் கேட்டு எழுதிப் போட்டால் தை மாதம் வரும். ஆனி கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். லூர்துமேரியும் கூட வந்தாள். பதினாறு படியை முதுகுப்பையில் திணித்துக் கட்டியவள் அவள்தான். "காக்கியப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள். "மாட்டேன்" என்றேன். "ஒங்க மூஞ்சிக்கு இல்லாத மரியாத அந்தச் சட்டைக்கு இருக்கு. போடுங்க."

அரியலூர் தாண்டிப் பஸ்ஸை நிறுத்தினார்கள். பையைச் சீட்டோடு அழுத்திக்கொண்டேன். சோதனைக்காரர் ஏறினார், என்னைப் பார்த்தார், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்! என் முதுகில் பதினாறு படி. அவர் என்னைத் தாண்டிப் பின் சீட்டில் இருந்த ஒரு அம்மாளின் மடி மூட்டையை அவிழ்த்தார். இரண்டு படி அரிசி. "மவ புள்ள பெத்திருக்கா சாமி, கஞ்சிக்குத்தான்" என்று அவள் கெஞ்சினாள். இறக்கிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் மூட்டையும் போயிருக்கும், அது உண்மைதான். ஆனாலும் அந்த அம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறபோது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, லூர்துமேரியிடம்கூட.

ஊருக்குள் போனதும் மறுபடி கதவுகள் சாத்தின. "அஞ்சலை, நான்தான், படம் வரைஞ்ச வாத்தியார்" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். கதவு ஒரு விரற்கடை திறந்தது. பையை அவிழ்த்துக் காட்டினேன். அவள் வந்து முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள். "நல்ல வெதை" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மருதை பானை எடுக்க உள்ளே போனார்.

கிளம்பும்போது, "வாத்தியாரே, இன்னொண்ணு கேட்டா குடுப்பீங்களா?" என்றாள் அஞ்சலை. இன்னும் என்ன கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"அந்தச் சட்டை. தொப்பியும்."

"மருதைக்கா?"

"அவருக்கெதுக்கு? வரகுக் கொல்லையில நிறுத்தத்தான். ஊரே கதவச் சாத்துச்சு, குருவி பயப்படாதா?"

கழற்றிக் கொடுத்துவிட்டு மருதையின் துண்டைப் போர்த்திக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தேன். எனக்கு முன்பே வீடு திரும்பியிருந்த லூர்துமேரி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனியில் போங்கள். அரும்பாவூருக்கு மேல் கடை கிடையாது, அவலும் வெல்லமும் எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி கட்டிக்கொண்டு போங்கள். ஊருக்குள் நோட்டை எடுப்பதற்கு முன்னால் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். தானியம் வைக்கிற எதையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அளக்காதீர்கள்.

மார்கழியில் நான் மறுபடி போனேன். கிறிஸ்துமஸுக்கென்று லூர்துமேரி கொடுத்தனுப்பிய இரண்டு படி அரிசி மடியில் இருந்தது, அதற்கும் பர்மிட் கிடையாது. ஊர் எல்லையில் திரும்பினால், விளைந்து சாய்ந்த வரகுக் கொல்லை நடுவில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அரிசியை வேட்டிக்குள் செருகிக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை வந்து, "எந்திரிங்க வாத்தியாரே, அது ஒங்க சட்டைதான்" என்று சொல்லும் வரை நான் எழுந்திருக்கவில்லை.