தராசுக்காரர் இடுப்பில் ஈயம்

எடை போடுகிறவர்களை எடை போடுவதுதான் அவர் உத்தியோகம். அரசாங்கத்தின் எடை அளவைத் துறையில் ஆய்வாளர். கறிக்கடை, பெட்ரோல் பங்க், நகைக்கடை என்று எங்கே நுழைந்தாலும் கல்லாவில் இருப்பவர் காரணமில்லாமல் எழுந்து நிற்பார். கடைத்தெருவில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். நேரில் யாரும் சொன்னதில்லை. அவர் ஒரு கடையை விட்டு இறங்கியதும் 'தராசு வருது' என்று அடுத்த கடைக்குச் சேதி பறக்கும். சேதி போய்ச் சேரும்போது அங்கே அவரே போனை எடுத்து, "வந்தாச்சு, சொல்லுங்க" என்பார்.

தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர்களையும், எடைக்கல்லைக் குடைந்து உள்ளே மெழுகு ஊற்றியவர்களையும் பிடித்துப் பிடித்து அவருக்கு உலகத்தைப் பற்றி ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது. உலகம் குறைத்துத்தான் கொடுக்கும். எவ்வளவு குறைத்தது என்பது மட்டும்தான் விசாரணைக்குரியது. வீட்டில் ரொட்டிப் பாக்கெட்டைக்கூட எடை போட்ட பிறகுதான் பிரிப்பார். அதற்கென்று சட்டைப்பையில் பேனா போல ஒரு கொக்கித் தராசு எப்போதும் இருக்கும்.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். வேலை நேரமெல்லாம் தோளில் ஈயக் கவசம். கழுத்தும் முதுகும் எப்போதோ முறைத்துக்கொண்டுவிட்டன. அந்த அம்மாள் ஒரு சாயங்காலம் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தார். மறுவாரமும் ஈரத் தலை. கூடவே மருந்து போட்ட தண்ணீரின் வாசனை. மழைக்கு அப்படி ஒரு வாசனை கிடையாது என்பது தராசுக்குத் தெரியும்.

கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் வரும், பதிலைச் சரிபார்க்க வேண்டியிருக்கும், நேரே சரிபார்த்துவிட்டால் ஒரு வேலை மிச்சம். அடுத்த முறை பின்னாலேயே போனார். நீச்சல்குளத்தில் பெண்டாட்டி முதுகில் சிலிண்டரோடு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் நின்றவரைக் கோச் பார்த்துவிட்டார்.

"நீங்களும் ஸ்கூபா சேர வந்தீங்களா சார்?"

ஆமாம் என்பதா, வேவு பார்க்க வந்தேன் என்பதா. ஆமாம் என்றார். இப்படித்தான் அவர் முக்குளிக்கக் கற்றுக்கொண்டார்.

மனைவி பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "தண்ணிக்குள்ளதாங்க என் முதுகு என்னைச் சும்மா விடுது. சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றார். வகுப்பு முடிந்ததும் கோச்சோடு எல்லாரும் வெதுவெதுப்பான கடல் ஒன்றுக்குப் போவதாக ஏற்பாடு. கடலுக்கு அடியில் ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருவர் உயிருக்கு இன்னொருவர் பொறுப்பு. வகுப்பில் ஒல்லியான பல் டாக்டர் ஒருவர் தனியாள். தராசுக்கு அவர் மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற மனிதர், வாயே திறக்காமல் சிரிக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது.

"அங்க வந்தும் உங்க ஆபீஸ் வேலையக் காட்டினீங்கன்னா நான் டாக்டரோட ஜோடி சேந்துக்குவேன். நீங்க படகுல உக்காந்து அலையை எடை போடுங்க" என்று மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். தராசு அதையும் பலமுறை சரிபார்த்திருக்கிறார்.

தண்ணீரில் மிதக்காமல் அமிழ்வதற்கு இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும். பயணத்துக்கு முன் ஆளுக்கொரு ஈய பெல்ட் வாங்கக் கடைக்குப் போனார்கள். கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டிருந்த கடைக்காரப் பெண் மூன்று தினுசை மேசைமேல் போட்டார். முரட்டு நாடாவில் ஈயக் கட்டிகளைக் கோத்தது ஒன்று. அதே கட்டிகளோடு, இழுத்தால் நீள்கிற ரப்பர் பட்டை ஒன்று. மூன்றாவது, வரிசையாகப் பை தைத்த அகலமான பெல்ட்; அதற்குள் ஈயக் குண்டுமணிகள் அடைத்த சின்னச் சின்ன மூட்டைகளைச் செருகிக்கொள்ளலாம்.

மனைவி மூன்றையும் கட்டிப் பார்த்தார். கட்டியதும் கண்ணாடி முன் நிற்கவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார், கையைத் தூக்கிச் சுழற்றினார். ஈயத்தோடு குடித்தனம் செய்தவருக்கு எது எங்கே உறுத்தும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"கட்டி இடுப்பெலும்புல குத்துது. அங்க மெல்லிசு நீச்சல் சூட்டுதான் போடுவோம், சாயங்காலத்துக்குள்ள கன்னிப் போயிரும்" என்றார். "ரப்பர் நழுவல, நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டி அதேதானே. இந்தப் பை வெச்சது உடம்போட மடங்குது. முதுகுத் தண்டு மேல மட்டும் மூட்டை வராம ரெண்டு பக்கமும் பிரிச்சு வெச்சுக்கணும்."

"பக்கிளைக் கண்ண மூடிக்கிட்டு ஒரு கையால அவுத்துப் பாருங்கக்கா. அவசரத்துக்கு அதான் முக்கியம்" என்றார் கடைக்காரப் பெண். மனைவி அவிழ்த்தார். ஒரே இழுப்பு. முகத்தில் ஈயக் கவசத்தைக் கழற்றும் நேரத்துச் சந்தோஷம்.

தராசு மட்டும் அந்தக் குட்டி மூட்டைகளை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பக்கமும் தையல் போட்டிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஈயம் சார்."

"அது நீங்க சொல்றது."

கொக்கித் தராசு வெளியே வந்தது. மனைவி திரும்பிக்கொண்டு சுவரில் தொங்கிய முகமூடிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு கிலோ என்று அச்சடித்த மூட்டை ஒரு கிலோவுக்கு மேலேயே ஒரு சிட்டிகை காட்டியது. இன்னொன்றை மாட்டினார். அதுவும் அப்படியே. அவர் முகம் இருண்டது. குறைத்துக் கொடுக்கிறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. கூட்டிக் கொடுக்கிறவன் எந்தத் திட்டத்தில் இருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"எங்க போறீங்க சார், சூடான தண்ணியா?"

"வெதுவெதுன்னு இருக்குமாம். பயிற்சிக்குக் குளிர்ந்த ஏரில இறங்கினப்ப எனக்கு ஒம்பது கிலோ."

"அது தடி ரப்பர் சூட்டுக்கு. அந்த ரப்பரே உங்களை மேல தூக்கும், அதை அமுக்கத்தான் அவ்வளவு. கடல்ல மெல்லிசு சூட்டுக்கு உங்க உடம்புக்கு அஞ்சு இருந்தாலே போதும்."

"ஒம்பது அஞ்சாயிருச்சு. மீதி நாலு எங்க போச்சு?"

இந்தக் கேள்வியைத் தராசு தன் உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ கடைகளில் கேட்டிருக்கிறார். கேட்டதும் எதிரே இருப்பவருக்கு வேர்க்கும். இந்தப் பெண்ணுக்கு வேர்க்கவில்லை. கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

"எங்கயும் போகல சார், தேவைப்படல. இன்னொன்னு, ஈயமே வாங்காதீங்க. பெல்ட்டை மட்டும் எடுத்துட்டுப் போங்க. ஈயம் படகுலயே குடுப்பாங்க. விமானத்துல எதுக்குச் சுமக்கணும்?"

வாங்காதே என்று சொல்கிற கடையை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஈயமில்லாத பை பெல்ட் இரண்டோடு வெளியே வந்ததும் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணுக்கும் கோச்சுக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கு."

"என்ன ஏற்பாடு, உங்களை மிதக்க வெச்சு வேடிக்கை பாக்கவா?"

அவருக்கு அப்படியும் ஒரு கோணம் தோன்றியிருக்கவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

கடல் சொன்னபடியே வெதுவெதுப்பாக இருந்தது. படகின் நடுவில் ஒரு மரப்பெட்டி நிறைய ஈய மூட்டைகள். கோச் ஆளாளுக்கு எண்ணி வைத்தார். தராசுக்கு அஞ்சு. அதே கோச், அதே உடம்பு. ஏரியில் ஒன்பது கொடுத்த கை. கொக்கித் தராசை மனைவி ஓட்டல் அறையிலேயே பறிமுதல் செய்திருந்தார். ஆயுதமில்லாத தராசு பல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வாயைத் திறக்காமல் சிரித்தார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எல்லாரும் ஆவி படியாமலிருக்க முகமூடியில் எச்சில் துப்பித் துடைத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, பெட்டியிலிருந்து மூன்று மூட்டைகளை எடுத்துத் தன் பெல்ட்டின் காலிப் பைகளில் செருகிக்கொண்டார். ஆயுள் முழுக்க அடுத்தவன் கள்ளத்தனத்தைப் பார்த்தவர் செய்த கள்ளத்தனம். படு சுத்தம்.

அவர் கணக்கில் வராதது ஒன்றுதான். இறங்குவதற்கு முன் ஜோடியில் ஒருவர் மற்றவரின் சாமான்களைத் தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதுவரை அவர்தான் எல்லாரையும் சோதித்திருக்கிறார். அவரைச் சோதிக்க ஒரு ஆள் வந்தது கிடையாது. மனைவி அவர் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து பெல்ட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"இது அஞ்சு இல்ல."

"அஞ்சுதான் குடுத்தாங்க."

"குடுத்தது அஞ்சு. இருக்கறது எட்டு. முப்பது வருஷமா ஈயம் தூக்கறவகிட்ட சொல்றீங்களா? எதுக்குங்க இது?"

"குறைச்சுக் குடுத்திருக்காங்கம்மா. நீ வெளி உலகம் தெரியாதவ."

மனைவி குரலை உயர்த்தவில்லை. "இவ்வளவு கட்டிக்கிட்டு எறங்கினா கல்லு மாதிரி அடில போய் நிப்பீங்க. நான் உங்களைத் தூக்கறதா, சுத்தியும் பாக்கறதா? ஒண்ணு மூணையும் எடுத்துப் போடுங்க, இல்ல இங்கயே உக்காருங்க. டாக்டர், ஒரு நிமிஷம் இருங்க, போயிடாதீங்க."

தராசு பெட்டியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். மூன்றில் எதுவும் நம்பத் தகுந்ததாக இல்லை. டாக்டர்தான் மூன்றிலும் மோசம். ஒவ்வொன்றாக மூன்று மூட்டைகளையும் எடுத்துப் பெட்டியில் போட்டார். நகையைக் கழற்றிக் கொடுக்கிற முகம்.

தண்ணீரில் குதித்தார். மிதந்தார். மிதவைச் சட்டையிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றியும் தக்கை மாதிரி மிதந்தார். அந்த நிலையிலும் அவர் கண்ணில் ஒரு வெற்றி தெரிந்தது. வாய்க்குழாயைப் பிடுங்கிவிட்டு, "பாத்தியா, பத்தல. நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"நெஞ்சு நிறைய காத்தப் புடிச்சு வெச்சிருக்கீங்க. யாரும் எடுத்துட்டுப் போயிட மாட்டாங்க, வெளிய விடுங்க."

"விட்டா?"

"கீழ போவீங்க."

"போய்?"

"போய் என்ன, நான் பக்கத்துல இருக்கேன்."

டாக்டரும் கோச்சும் ஏற்கெனவே இறங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மனைவி அவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையின் எடை தராசுக்கு விளங்கியது. கல்யாணமான நாள்முதல் இந்த அம்மாள் சொன்ன எதையும் அவர் சரிபார்க்காமல் விட்டதில்லை. ஒருமுறைகூட எதுவும் குறைந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சரிபார்ப்பார், துறை விதி அப்படி. இப்போது சரிபார்க்க ஒரே வழிதான் இருந்தது. குழாயைக் கடித்துக்கொண்டு மூச்சை விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு காற்றை எப்போதிலிருந்து அடைத்து வைத்திருந்தாரோ.

தண்ணீர் கன்னத்தைத் தாண்டியது, கண்ணைத் தாண்டியது, தலையை மூடியது. பெல்ட் இடுப்பில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு உறுத்தலில்லாமல் கிடந்தது. மணலுக்குக் கொஞ்சம் மேலே ஏறாமலும் இறங்காமலும் நின்றார். மஞ்சள் மீன் ஒன்று அவர் முகமூடிக்குள் எட்டிப் பார்த்தது. என்ன வேண்டும் என்று அவரும் அதை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் மனைவி குப்புறப் படுத்து, முதுகே இல்லாதவர் மாதிரி காற்றில் கிடப்பதுபோல் கிடந்தார்.

மேலே வந்து எல்லாரும் துவட்டிக்கொண்டிருந்தபோது கோச் இரண்டாவது இறக்கத்துக்கு ஜோடிகளைக் கேட்டார். தராசு ஈரத் துண்டைப் பிழிவதில் மும்முரமாகிவிட்டார். மனைவி பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு அவர் எதிரே வந்து முதுகைக் காட்டி நின்றார்.

"என்னுதைச் சரியா இருக்கான்னு பாருங்க."

அவர் தொட்டார். பெல்ட்டின் மேல் ஒரு விரலை ஓட்டினார். "சரியா இருக்கு" என்றார்.

மனைவி கழுத்தை மட்டும் திருப்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரமாவா? பாத்தீங்களா, பாக்காமயே சொல்றீங்களா?"

"பாத்தேன்மா."

அந்த அம்மாள் நம்பவில்லை. பின்னால் கையைக் கொண்டுபோய் ஒவ்வொரு பையாகத் தானே ஒருதரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.