நீளக் கட்டை

சிதம்பரத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். என் மகள் போனில் கட்டை அடுக்கும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ரஷ்யாக்காரர் ஒருவர் உருவாக்கியதாம். எனக்கு அது, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அப்பா வாங்கித் தந்த, பேட்டரி போட்ட சாம்பல் நிற டப்பா. பட்டனை அழுத்தினால் கிக் கிக் என்னும்.

சின்ன வயதில் ஒருநாள், ஓரத்தில் ஒரு சந்து மட்டும் விட்டு, மற்றதெல்லாம் நிரப்பி வைத்திருந்தேன். நீளக் கட்டை வந்து அதில் இறங்கினால் நாலு வரிசையும் ஒரேயடியாக மறையும். அப்போது பார்த்து அப்பா காபித்தூள் வாங்கிவரச் சொன்னார். அவருக்கு ரெண்டாந்தரம் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஆட்டத்தை நிறுத்தி அக்காவிடம் கொடுத்தேன்.

"தொடாதக்கா. சும்மா வச்சிரு."

"போடி, நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான் அரைத்த தூளின் சூடு கையில் உறைக்க ஓடிவந்தேன். திரையில் அந்தச் சந்து இல்லை; நாலு வரிசையும் மறைந்திருந்தது.

"நீளக் கட்டை வந்துச்சுடி, சந்துல விட்டுட்டேன். யாரு விட்டா என்ன?" அக்கா சிரித்தாள்.

அது விழுந்ததை நான் பார்க்கவேயில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மகள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு சந்து. அக்கா கை நீட்டினாள்.

"குடும்மா, பெரியம்மா பாத்துக்கறேன்."

"குடுக்காத!"

நான் போட்ட சத்தத்தில் மகள் மிரண்டுபோனாள்.

"எதுக்குடி இப்படிக் கத்துற?" என்றாள் அக்கா. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.